பொத்தான் வைத்த வலை

ஒரு தக்காளிப் பூங்கொத்துக்கு இரண்டு நொடி போதும் என்று கணக்குப் போட்டவன் என் தம்பி. நாலாயிரம் செடி, அதில் எத்தனை கொத்து, அதற்கு எத்தனை நொடி என்று ஓர் அட்டையில் எழுதி, பசுமைக்குடிலின் வாசலில் மாட்டியும் வைத்தான். அந்த வேலையைச் செய்கிற கை என்ன பாடுபடும் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டான்.

திறந்த வயலில் காற்று வந்து பூவை ஆட்டிவிட்டுப் போகும். குடிலுக்குள் காற்று ஏது? மேலே பிளாஸ்டிக் கூரை, சுற்றிலும் கொசுகூட நுழைய முடியாத வலை. தக்காளிப் பூவோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு தொங்கும். மகரந்தத்தை நடுவில் ஒரு குழலுக்குள் ஒளித்து வைத்திருக்கும். உப்பு டப்பாவை ஆட்டுவதுபோல் யாராவது ஆட்டினால்தான் அது கொட்டும், காய் பிடிக்கும். அதற்காகத் தம்பி வாங்கிக் கொடுத்தது பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ். அதன் முதுகைப் பூக்காம்பில் வைத்து அழுத்தினால் 'ர்ர்ர்' என்று அதிரும். பூவுக்குப் பல் விளக்கிவிடும் உத்தியோகம் என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கட்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு முன் ஐந்து இடத்தில் வேலை பார்த்து ஐந்தும் போயிருந்தன. எல்லாம் என் வாயால்தான். ஆறாவதாகத் தம்பி இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டபோது இரண்டு நிபந்தனை போட்டான்.

"கேட்டுக்கு உள்ள வந்தா என்னை சார்னு கூப்பிடணும்" என்றான். நான் தலையாட்டினேன். "ரெண்டாவது, பொய் சொல்லக் கூடாது. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்க்கா. ஒரே ஒரு பொய், அன்னைக்கே நீ வெளிய."

இடுப்பில் தூக்கி வளர்த்த பயல். சரி என்றேன். இந்த வேலையும் போனால் என்னைச் சேர்த்துக்கொள்ள இன்னொரு தம்பி இல்லை.

பூ ஆட்டுவது நாங்கள் மூன்று பேர். நான், என் நாத்தனார், அப்புறம் டைலரக்கா. நாத்தனாருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் எடுக்கும். டைலரக்கா பெயருக்கேற்ப முப்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மூடின பிறகும் பையில் ஊசி, நூல், பொத்தான் டப்பா இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், ஏணியை இழுத்துக்கொண்டு போகும்போது பின்பக்க வலையை நான் கிழித்துவிட்டேன். ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். தம்பி பார்த்துவிட்டானா என்று ஆபீஸ் ரூம் பக்கம் எட்டிப் பார்த்தேன். டைலரக்கா மட்டும் நிதானமாகக் கிழிசலை விரலால் அளந்து பார்த்தார்.

"அப்படியே தைச்சா தையல் தெரியும். பட்டன் வச்சுட்டோம்னா வேணும்னே வச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

சொன்னபடியே இரண்டு ஓரத்தையும் மடித்து அடித்து, நாலு வெள்ளைப் பொத்தான் வைத்து, சட்டை முன்பக்கம் மாதிரி ஒரு வாசலைத் தைத்துக் கொடுத்தார். அந்த அழகைப் பார்த்த பிறகு அதைப் பூட்டி வைக்க யாருக்கு மனசு வரும்? ஆபீஸ் ரூமைக் கடக்காமல் அந்த வழியாக வெளியே போய் மரத்தடியில் டீ குடித்துவிட்டு வரலாம். மெள்ள மெள்ளப் பொத்தானைப் போடுவதே நின்றுபோனது.

நாங்கள் வெளியே போன வழியாக அவை உள்ளே வந்தன. கருவண்டுகள். கட்டைவிரல் பருமன், இறக்கையில் நீல மினுக்கு. முதல் நாள் நாத்தனார் பிரஷைப் போட்டுவிட்டு ஓடினாள். அவை எங்களைச் சட்டை செய்யவே இல்லை. நேராகப் பூவுக்குப் போய், கவிழ்ந்த குழலைக் கடித்துப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, 'ஙொய்ங்' என்று உடம்பைக் குலுக்கின. மஞ்சள் தூள் அவற்றின் வயிற்றில் கொட்டியது. ஒரு பூவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அட்டையில் என் தம்பி போட்ட கணக்கு தோற்றது.

வண்டு கடித்த பூவின் குழலில் பழுப்பாக ஒரு வடு விழும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வடு விழுந்த பூவெல்லாம் பிஞ்சாகியிருந்தது. நாங்கள் வந்து சேரும்போது பாதி வரிசையில் வேலை முடிந்திருக்கும். முடிந்த வேலையை மறுபடி செய்ய நாங்கள் என்ன பைத்தியமா? பிரஷ்களை ஓடவிட்டு, செடி கட்டும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். ஆபீஸ் ரூமுக்கு 'ர்ர்ர்' சத்தம் போய்க்கொண்டே இருந்தது. டைலரக்கா மடியில் துணியை வைத்துத் தைத்தார். நாத்தனார் கணக்கெழுதும் அட்டையால் விசிறிக்கொண்டு விக்கினாள். நான் பத்துவிரலும் நோகாமல் தூங்கினேன். ஆறு வாரம் அப்படிப் போனது. எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காய்ப்பு என்றால் அப்படிக் காய்ப்பு. ஒவ்வொரு தக்காளியும் உருண்டு திரண்டு, கையில் எடுத்தால் கனத்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் எங்கள் மூவரையும் கூப்பிட்டான்.

"அக்கம்பக்கத்துக் குடில்காரங்க எல்லாம் என்ன ரகசியம்னு கேக்கறாங்க. சனிக்கிழமை பயிற்சி வகுப்பு வச்சிருக்கேன். அக்கா, நீதான் சொல்லித் தரணும்" என்றான்.

நாத்தனார் விக்கினாள். "தண்ணி குடிங்க" என்றான் தம்பி.

சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி மடியில் நோட்டை விரித்து, பேனா மூடியைக் கழற்றி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு குடில் வைத்திருப்பவள். என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். என்னைப் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் புத்தியும் போய்விட்டது.

ஆறு வாரமாகப் பிரஷையே தொடாத கை. முதல் கொத்தில் வைத்து அழுத்தியதும் காம்பு 'டக்'கென்று முறிந்து, கொத்து என் காலடியில் விழுந்தது. பதினொரு பேரும் பார்த்தார்கள். வாசலருகே நின்ற தம்பியும் பார்த்தான். என் வேலை அந்தக் கொத்தோடு தரையில் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, தொட்டா இப்படித்தான் ஆகும்" என்றேன். "எல்லாரும் பண்ற தப்பு இதுதான். பிரஷ் பூவைத் தொடவே கூடாது. ஒரு விரல் தள்ளிப் பிடிக்கணும். அதிர்வு காத்துல போய்ச் சேரும். இடமிருந்து வலம். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கணும்."

"எத்தனை நேரம் டீச்சர்?" என்றாள் நோட்டுக்காரி.

"ஏழு எண்ணுங்க" என்றேன்.

'ஏழு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். நாத்தனாரின் விக்கலைக் கேட்டு ஒருவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தம்பி முன்னால் வந்தான். கைதட்டி முடித்துவைத்தான்.

மூன்று வாரம் கழித்து நோட்டுக்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள். நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் உதிர்ந்த பூக்கள், தேதி போட்டு ஒட்டியிருந்தாள்.

"எங்க தப்பு பண்றேன்னு பாருங்க டீச்சர். ஒரு விரல் தள்ளித்தான் பிடிக்கறேன். மூச்சும் இழுத்துப் பிடிக்கறேன். எல்லாம் கொட்டிடுது" என்றாள்.

"முன்னாடி எப்படிப் பண்ணுவீங்க?"

"செடி கட்டுற குச்சியால தட்டி விடுவேன். சுமாராக் காய்க்கும். அது நாகரிகமில்லாத வேலைன்னு விட்டுட்டேன். நீங்க சொன்னதுதானே சரி?" நோட்டை மூடினாள். "இந்தப் பருவம் போச்சுன்னா குடிலை வச்சுக்க முடியாது. வீட்ல நாலு பேரு இதைத்தான் நம்பியிருக்கோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். முதலில் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் காலை ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்தேன். ஏணி, கிழிசல், பொத்தான், வண்டு, கம்பியில் தொங்கிய பிரஷ், என் தூக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"தெரியும்" என்றான்.

"என்னடா தெரியும்?"

"எல்லாம்தான். பூவெல்லாம் பழுப்பு வடுவா இருக்கு. பிரஷ் கடிக்குமா? பின்பக்கம் போய்ப் பாத்தேன். பட்டனெல்லாம் நல்லாத்தான் தச்சிருக்காங்க."

"அப்புறம் எதுக்கு என்னைப் பயிற்சி எடுக்கச் சொன்னே?"

"வேற யாரு இவ்வளவு நம்பற மாதிரிப் பொய் சொல்லுவாங்க?" என்று சிரித்தான். "அவங்க காய் குறைஞ்சா சந்தையில நம்ம காய்தான். நீ பாட்டுக்குத் தூங்கு. பட்டனைத் திறந்து வை. வாயை மட்டும் மூடிக்க."

நான் இவனை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். என் வாய்க்கொழுப்பை வைத்துப் பதினொரு பேர் சோற்றில் இவன் மண்ணைப் போட்டிருக்கிறான். ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் வந்தது, ஏனென்றால் மண்ணை அள்ளிக் கொடுத்தது என் கை.

"நான் போய்ச் சொல்லத்தான் போறேன்" என்றேன்.

"சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"நாளைக்கு என்ன, இன்னைக்கே வரலை" என்று பிரஷை அவன் மேஜைமேல் வைத்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. காகிதங்களைத் தள்ளிவிட்டு மேஜையெல்லாம் ஊர்ந்தது.

டைலரக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். நோட்டுக்காரி வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. வீட்டுக்கும் குடிலுக்கும் நடுவில் பழைய மரக் கொட்டகை ஒன்று, பாதி பிரிந்து கிடந்தது. இரண்டு ஆள்கள் பலகைகளைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"விறகுக்குக் கொடுத்துட்டேன் டீச்சர்" என்றாள் நோட்டுக்காரி. "காய் வரலைன்னா அடுப்பெரியணுமே. முதல் லோடு காலைலயே போயிடுச்சு. எப்படியும் பொத்தல் விழுந்த மரம்தான்."

நான் பலகையைப் பார்த்தேன். விரல் நுழைகிற அளவில், துளைக்கருவியால் போட்டமாதிரி வட்ட வட்டமாகப் பொத்தல்கள். கீழே மரத்தூள். பிரிந்த கூரைக்கு மேலே, இருந்த இடத்தைக் காணாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன கருவண்டுகள். நீல மினுக்கு. இத்தனை வாரமாக இவை எங்கிருந்து வருகின்றன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"லாரியை நிறுத்துங்க" என்று கத்தினேன். பிறகு அவளை ஒரு கல்லில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஏழு எண்ணச் சொன்னது?"

"அதுவும் பொய்தான்."

"என் கொட்டகையில தூங்கிட்டு, உங்க குடில்ல வேலை பாத்துச்சா?"

"ஆமாம்மா. உங்க வலை நல்ல வலை. உள்ள வர வழியில்லை."

அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. டீச்சர் என்றும் கூப்பிடவில்லை. லாரிக்காரரிடம் போய், ஏற்றியதை இறக்கச் சொன்னாள்.

நான் தம்பிக்குப் போன் பண்ணினேன். "டேய், உன் வேலைக்காரங்க குடியிருக்கிற வீட்டை விறகுக்கு வித்துட்டாங்க. காலைல போன லோடு அறுவைக்குப் போயிருக்கு. இனி உன் பூவை நீதான் கடிக்கணும்" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றான். கொட்டகையைப் பார்த்தான், மேலே சுற்றும் வண்டுகளைப் பார்த்தான். அவன் மனசில் ஓடிய கணக்கு எனக்குத் தெரிந்தது. நாலாயிரம் செடி, மூன்று பிரஷ், அதில் ஒன்று வேலையை விட்டுப் போயாயிற்று. நோட்டுக்காரியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏறு" என்றான் என்னிடம்.

லாரிக்காரர் வழி சொன்ன விறகுக் கடையில் பெரிய அறுவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போவதற்குள் அந்த லோடில் பாதி துண்டாகியிருந்தது. தம்பி ஒரு துண்டைக் கையில் எடுத்தான். துளை நீளவாக்கில் பிளந்திருந்தது. உள்ளே மரத்தூளால் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மஞ்சள் உருண்டை, அதன்மேல் வெள்ளையாக ஒரு புழு. அந்த மஞ்சள் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தத் துண்டைப் பத்திரமாகக் கீழே வைத்தான்.

பிறகு கடைக்காரரைக் கெஞ்சி இயந்திரத்தை நிறுத்தினான். மீதிப் பலகைகள் வேறு மரங்களோடு கலந்து ஆளுயரத்துக்குக் கிடந்தன. வெட்கம் பார்க்காமல் முட்டி போட்டு, ஒவ்வொரு பலகையிலும் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தான். விறகு வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"மரத்துக்கு உடம்பு சரியில்லையாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"சளி" என்றேன் நான். தம்பி என்னை முறைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போனான்.

ஒன்பதாவது பலகையில் அவன் முகம் மலர்ந்தது. "இதுல இருக்கு" என்று அதைத் தூக்கித் தோளில் சாய்த்தான். உள்ளே இருந்தவளுக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்து, பக்கத்தில் எது இருந்ததோ அதில், அதாவது என் தம்பியின் காதில், வைத்தாள் ஒரு கொட்டு. கருவண்டு லேசில் கொட்டாது. வீட்டை இப்படிக் கலைத்தால் கொட்டத்தான் செய்யும். அவன் கண்ணில் நீர் தளும்பியது, கால் தரையில் தாளம் போட்டது. பலகையை மட்டும் அவன் கீழே போடவில்லை.

பதினாலு பலகை கிடைத்தது. ஒரு தள்ளுவண்டி பிடித்து ஏற்றினோம். அவன் காது வீங்கி, ஹெல்மெட்டுக்குள் போக மறுத்தது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"நாளைக்கு வேலைக்கு வா" என்றான்.

"அந்தம்மா கொட்டகையை நீ திருப்பிக் கட்டித் தரணும். அவங்க வலையிலயும் டைலரக்கா வாசல் தைப்பாங்க."

"சரி."

"மீதிப் பத்துப் பேர்கிட்டயும் போய், அந்தப் பயிற்சி பொய்னு சொல்லணும்."

ஒரு பள்ளத்திலிருந்து வண்டியை ஏற்றித் தள்ளினான். "பொய் சொன்னது நீதானேக்கா" என்றான்.

"ஆமா" என்றேன். வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளினேன்.

நோட்டுக்காரி வீட்டில் பலகைகளை இறக்கினோம். எந்தப் பலகை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அவளே சொல்லச் சொல்ல, தம்பி தூக்கித் தூக்கி நிறுத்தினான். அவனுக்கு அவள் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வேலை முடிந்ததும் அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். பயிற்சிக்கு வந்த பதினொரு பேரின் பெயரும் விலாசமும், நல்ல கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. முதல் பெயர் அவளுடையது. அதை அவளே அடித்திருந்தாள். அடுத்த வீடு எங்கே என்று தம்பி தாளை எட்டிப் பார்த்தான். இரண்டு தெரு தள்ளி இருந்தது. நடந்தே போனோம். கதவைத் தட்டப் போன அவன் கையைத் தள்ளிவிட்டு நான் தட்டினேன்.